கேகாலைக் கடையில் ஒட்டியிருக்கும் கறுப்புச் சதுரத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா?

கேகாலை நகரத்தில் பலசரக்குக் கடை, பார்மசி, பேக்கரி என்று எங்கே போனாலும் காசு வாங்கும் மேசையில் ஒரு கறுப்பு வெள்ளைச் சதுரம் கண்ணில் படுகிறது. போனை நீட்டுகிறோம், தொகையை அடிக்கிறோம், காசு போய்விடுகிறது. அந்தச் சதுரத்துக்குள் இருப்பது வங்கிக்காரர்கள் மட்டும் அறிந்த ரகசியக் குறியீடு என்றுதானே நினைத்திருந்தீர்கள்? இல்லவே இல்லை! அது வெறும் எண்ணும் எழுத்தும்தான். வங்கிச் செயலியை விட்டுவிட்டு சாதாரண கியூஆர் வாசிப்பான் ஒன்றால் ஸ்கேன் செய்து பாருங்கள். 000201 என்று தொடங்கி ஒரு நீண்ட வரி வந்து நிற்கும். பொறுமை இருந்தால் அதை நீங்களே வாசித்துவிடலாம்!

எப்படி? ஒவ்வொரு தகவலும் மூன்று பகுதியாக வருகிறது. முதல் இரண்டு இலக்கம் அது என்ன தகவல் என்று சொல்லும். அடுத்த இரண்டு இலக்கம் அதன் நீளம். அதற்குப் பின்னால் தகவல். 53 வந்தால் நாணயம், நீளம் 03, அடுத்து 144. உலகம் முழுவதும் இலங்கை ரூபாவுக்கு இருக்கும் எண் இந்த 144தான். இந்திய ரூபாய்க்கு 356. 58 வந்தால் நாடு. 59 வந்தால் கடையின் பெயர். 60 வந்தால் ஊர். கேகாலையை ஆங்கிலத்தில் எழுதினால் ஏழு எழுத்து அல்லவா? ஆகவே 6007 என்று போட்டு, ஒட்டினாற்போல் நம் ஊரின் பெயர்! சீனாவிலும் ஜெர்மனியிலும் இருக்கிற மென்பொருள்கூட இதே முறையில் வாசிக்கக்கூடிய வரிக்குள் கேகாலை உட்கார்ந்திருக்கிறது என்பதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

வரியின் கடைசியில் 6304, அதன் பிறகு நான்கே எழுத்து. முன்னால் உள்ள அத்தனை எழுத்தையும் ஒரு கணக்கில் போட்டால் வரும் விடை அது. நடுவில் எங்காவது ஒரு எழுத்து மாறினாலும் விடை பொருந்தாது. செயலி உடனே நிராகரித்துவிடும்.

சரி, கியூஆரின் மூலைகளில் தெரியும் பெரிய சதுரங்கள் ஏன் மூன்று? 1994இல் ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசஹிரோ ஹாராவும் அவருடைய குழுவும் கார் உதிரிப்பாகங்களைக் கணக்கெடுப்பதற்காகக் கண்டுபிடித்ததுதான் கியூஆர். காசு கட்டுவது பற்றி அன்றைக்கு யாரும் கனவுகூடக் கண்டிருக்க மாட்டார்கள். சதுரம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் இயந்திரம் அதைச் சட்டென்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக அவர்கள் பத்திரிகைகள், துண்டுப் பிரசுரங்கள், அட்டைப் பெட்டிகள் என்று அச்சடித்த பொருள்களை அலசினார்கள். அவற்றில் மிக அரிதாக வரும் கறுப்பு வெள்ளை விகிதம் எது? 1:1:3:1:1! அதையே மூன்று மூலைகளிலும் வைத்தார்கள். இன்னொரு அதிசயம்: பிழை திருத்தும் கணிதத்தை உச்ச அளவில் வைத்து அச்சிட்டால், சதுரத்தின் 30 வீதம்வரை அழிந்தாலும் மீதியை வைத்து முழுவதையும் மீட்டுவிடலாம். 1960இல் ரீட், சாலமன் என்ற இருவர் எழுதிய கணிதம் அது. வொயேஜர் விண்கலங்கள் தொலைதூரக் கோள்களிலிருந்து அனுப்பிய தரவுகளைக் காத்ததும் அதே கணிதம்தான். கடை மேசையில் தேத்தண்ணீர் சிந்திய சதுரம் இன்னும் வேலை செய்கிறது என்றால் காரணம் அதுதான்!

பொதுவான தரம் இல்லாவிட்டால் ஒவ்வொரு வங்கியும் தனித்தனிச் சதுரம் ஒட்டும் நிலை வந்திருக்கக்கூடும். 2018இல் இலங்கை மத்திய வங்கி எல்லோருக்கும் பொதுவாக லங்கா கியூஆர் என்ற ஒரே தரத்தைக் கொண்டுவந்தது. ஒரு சதுரம் போதும், வாடிக்கையாளர் எந்த வங்கிச் செயலியை வைத்திருந்தாலும் சரி. 2024 பெப்ரவரி 12 அன்று இந்தியாவின் யூபிஐ கட்டண முறை இலங்கையில் தொடங்கிவைக்கப்பட்டது. றம்புக்கனைப் பக்கம் பின்னவலையில் 1975இல் தொடங்கிய யானைகள் சரணாலயத்தைப் பார்க்க மதுரையிலிருந்து வரும் ஒருவர், இணைந்த ஒரு கடையில் தன் சொந்தச் செயலியாலேயே ஸ்கேன் செய்யலாம். அவருடைய கணக்கில் இந்திய ரூபாய் குறையும், கடைக்காரரின் கணக்கில் இலங்கை ரூபா ஏறும். நடுவில் நாணய மாற்றுக் கடையைத் தேடி அலைய வேண்டியதில்லை!

மேசையில் ஒட்டிய சதுரத்தில் தொகை இல்லை. அதை நாம்தான் அடிக்கிறோம். ஆனால் பில் போடும் மென்பொருளோடு கியூஆரை இணைத்துவிட்டால் ஒவ்வொரு பில்லுக்கும் புதுச் சதுரம் திரையில் பிறக்கும். 54 என்ற எண்ணுக்குப் பின்னால் தொகையும் 62க்குள் பில் இலக்கமும் ஏறிவிடும். 1,450 ரூபாவுக்குப் பதிலாக 145 என்று தவறி அடிப்பதற்கு இடமே இல்லை. வரியின் தொடக்கத்தில் 01 என்ற எண்ணுக்குரிய இடத்தில் 11 இருந்தால் நிலையான சதுரம், 12 இருந்தால் அந்த ஒரு பில்லுக்கு மட்டுமான சதுரம். இந்த ஒரு இலக்க வித்தியாசம் கடைக்காரருக்கு மாலையில் கணக்கு முடிக்கும் நேரத்தில் எவ்வளவு பெரிய நிம்மதி!

கார்டு இயந்திரத்துக்கு வருவோம். கார்டின் பின்னால் ஓடும் கறுப்புப் பட்டை எப்படி ஒட்டப்பட்டது தெரியுமா? 1960களில் ஐபிஎம் பொறியாளர் ஃபொரஸ்ட் பாரி காந்த நாடாவை பிளாஸ்டிக்கில் ஒட்ட முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். எந்தப் பசையும் சரிவரவில்லை. வீட்டில் துணி தேய்த்துக்கொண்டிருந்த மனைவி, இஸ்திரிப் பெட்டியால் ஒரு தேய் தேய்த்துப் பார்க்கலாமே என்றாராம். ஒட்டிக்கொண்டது! ஆனால் அந்தப் பட்டையில் எப்போதும் ஒரே எழுத்து. நகலெடுத்தால் கதை முடிந்தது. இன்றைய கார்டில் மின்னும் சிப் அப்படியல்ல. ஒவ்வொரு தடவையும் உள்ளே ஓர் எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. அந்தத் தடவைக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு கையொப்பத்தைச் சிப்பே கணக்கிட்டுக் கொடுக்கிறது. நேற்றைய கையொப்பத்தைத் திருடி இன்றைக்கு ஒரு சதம்கூட எடுக்க முடியாது.

இயந்திரமும் வங்கியும் பேசிக்கொள்ளும் மொழி இன்னும் விசித்திரம். அதற்கு ஐஎஸ்ஓ 8583 என்று பெயர்; 1987இல் வெளியானது. இயந்திரம் 0200 என்று கேட்கும். வங்கி 0210 என்று பதில் சொல்லும். பதிலுக்குள் இரண்டே இலக்கம். 00 என்றால் சரி. 51 என்றால் கணக்கில் காசு போதாது. 54 என்றால் கார்டின் காலம் முடிந்துவிட்டது. வரிசையில் பத்துப் பேர் நிற்க, முகம் சிவந்து நிற்கிறோமே, அதற்கெல்லாம் காரணம் இந்த இரண்டு இலக்கம்தான்!

யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து மலைக் கடைகளை நினைத்துப் பாருங்கள். மழை இறங்கியவுடன் சிக்னல் போய்விடுகிறது. இயந்திரம் 0200ஐ அனுப்பிவிட்டது. வங்கி காசையும் எடுத்துவிட்டது. பதில் வரும் வழியில் இணைப்பு அறுந்துபோனால்? வாடிக்கையாளரின் காசு போய்விட்டது, கடைக்காரரின் திரையிலோ ஒன்றுமில்லை. அதற்கென்றே 0400 என்ற செய்தியை வைத்திருக்கிறார்கள். நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை, எடுத்திருந்தால் திருப்பிக் கொடு என்று அர்த்தம். பதில் வராத இயந்திரம் அதைக் கையோடு வைத்திருந்து, இணைப்பு வந்ததும் யாரும் சொல்லாமலே அனுப்பிவிடும். இதை முதலில் யோசித்து வைத்தவர்கள் யாரோ, அவர்கள் கையைப் பிடித்து நன்றி சொல்லத் தோன்றுகிறது!

கேகாலை வழியாகப் போகும் இதே கண்டி வீதியில் ஒரு காலத்தில் காசு எப்படிப் பயணம் செய்தது தெரியுமா? மாவனல்லைக்குப் பக்கத்தில் உதுவன்கந்த. அங்கே பதுங்கியிருந்து வழிப்பறி செய்த சரதியலைப் பற்றி இந்தப் பக்கத்தில் கதை கேட்காமல் வளர்ந்தவர் இல்லை. 1864 மார்ச் 21 அன்று மாவனல்லையில் அவனைப் பிடிக்கப் போனபோது கொன்ஸ்டபிள் சபான் சுட்டுக் கொல்லப்பட்டார். இலங்கைப் பொலிஸார் இன்றுவரை மார்ச் 21ஐத் தங்கள் நினைவு நாளாக வைத்திருக்கிறார்கள். சரதியல் அதே ஆண்டு மே மாதம் கண்டியில் தூக்கிலிடப்பட்டான். காசு என்றால் பெட்டியில் ஏறி, இந்த மலைப்பாதையில் போய்த்தான் ஆகவேண்டும் என்றிருந்த காலம் அது. காசோலை வந்த பிறகும்கூட அந்தத் தாள் கொழும்புக்குப் பயணம் செய்துகொண்டுதான் இருந்தது. 2006இல்தான் தாளை நிறுத்திவிட்டு அதன் படத்தை மட்டும் அனுப்பும் முறையை லங்கா கிளியர் நிறுவனம் தொடங்கியது. தெற்காசியாவிலேயே அதுதான் முதல்! 2015இலிருந்து வங்கிக்கு வங்கி உடனுக்குடன் காசு மாறுகிறது.

ஒரு செய்தி மட்டும் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து இந்தப் பக்கத்துத் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்கு வந்தபோது அவர்களிடம் ஒரு தகர வில்லை இருந்தது. 1901இல் தொடங்கிய முறை அது. தகர டிக்கெட் என்பார்கள். வில்லையில் எண் பொறித்திருக்கும். அதைப் பார்த்தால் ஆள் எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்று தெரிந்துவிடும். வழிச் செலவை அரசாங்கம் முதலில் கொடுக்கும். பிறகு அந்த எண்ணைப் பார்த்துத் தோட்டத்திடம் அறவிடும். கையில் காசு இல்லாமல், ஓர் எண்ணை வைத்து, ஓர் இடத்தில் செலவு செய்து வேறோர் இடத்தில் கணக்குத் தீர்ப்பது! இன்றைக்குக் கார்டும் கியூஆரும் செய்வது அதைத்தானே? ஆனால் அன்றைக்கு அந்த எண் மனிதரின் கழுத்தில் தொங்கிய கடன். கடைசியில் அந்தச் செலவு யார் தலையில் விடிந்தது என்று சொல்லத் தேவையில்லை.

துண்டு என்ற கொடுமையும் இருந்தது. தொழிலாளரைக் கூட்டிவந்த கங்காணியும் அவருடைய ஆட்களும் பட்டிருக்கும் கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் இவர்களை விடுவிக்கலாம் என்று தோட்டம் எழுதிக்கொடுக்கும் சீட்டு. அடுத்த தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் போக முடியும். கடன் கூடிக்கொண்டே போனது. 1921இல் அதைச் சட்டத்தால் ஒழித்தார்கள். அந்தச் சீட்டில் எழுதியிருந்த தொகையைத் தானே வாசித்துச் சரிபார்க்க முடிந்த தொழிலாளி எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? காசு கொடுக்கல் வாங்கலில் கணக்கைக் கண்ணால் பார்க்கும் உரிமை எவ்வளவு பெரியது என்று இந்த மண்ணைவிட யார் நன்றாக அறிவார்கள்! இணையத்தளத்திலோ பில் மென்பொருளிலோ கட்டணம் வாங்கும் வசதியை அமைக்கும் நம் பிள்ளைகள் அதை நினைத்துக்கொண்டே ஒவ்வொரு வரியையும் எழுத வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

ஆம், இணையத்தளம்! உலகளாவிய வலையில் பக்கம் காணவில்லை என்றால் 404 என்று வருமே, அதற்கு இரண்டு எண் முன்னால் 402 இருக்கிறது. அதன் பொருள் என்ன தெரியுமா? கட்டணம் தேவை! வலையின் ஆரம்பகால விதிகளிலேயே அதை எதிர்காலத்துக்கென்று ஒதுக்கி வைத்தார்கள். எல்லோருக்கும் பொதுவான பயன்பாடு இன்னும் வகுக்கப்படவில்லை. கட்டணமோ வேறு வழியில் வந்துவிட்டது. 1994 ஓகஸ்ட் 11 அன்று அமெரிக்காவில் நெட்மார்க்கெட் என்ற தளத்தில் ஒருவர் பாடகர் ஸ்டிங்கின் இசைத்தட்டை 12.48 டொலருக்குக் கடன் அட்டையால் வாங்கினார். மறையாக்கத்தோடு இணையத்தில் நடந்த முதல் விற்பனைகளில் ஒன்றாக அதைத்தான் சொல்கிறார்கள்.

நம் பக்கத்தில் விற்க என்ன இல்லை? பின்னவலைப் பக்கத்து யானைச் சாணக் காகிதம், மாவனல்லைச் சாதிக்காயும் கராம்பும், வரக்காபொலத் தலகுலி எள்ளுருண்டை! வெளிநாட்டுக்காரர் இணையத்தில் கேட்டாலும் காசு வாங்குவது பெரும்பாடாக இருந்தது. பல ஆண்டுகளாக பேபாலில் இலங்கையர் காசு கட்ட முடிந்தது, வாங்க முடியவில்லை. அந்த இடைவெளியில்தான் பேஹியர், வெப்எக்ஸ்பே போன்ற உள்நாட்டுக் கட்டண வாயில்கள் எழுந்தன. கார்டு விவரத்தை வாடிக்கையாளர் அந்த வாயிலின் பாதுகாப்பான பக்கத்தில் அடிக்கிறார்; நம் தளத்துக்கு அந்த எண் வருவதே இல்லை. கார்டின் பின்னால் இருக்கும் மூன்று இலக்கத்தை, கட்டணம் அனுமதிக்கப்பட்ட பிறகு எந்தக் கடையும் சேமித்து வைக்கக்கூடாது என்று கார்டுத் துறையின் உலகப் பாதுகாப்பு விதியே சொல்கிறது.

இனி வருவதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. பேஹியரை எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் காசு கட்டியதும் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, அவருடைய திரை நம் தளத்தின் நன்றிப் பக்கத்துக்குத் திரும்புகிறது. இரண்டு, யார் கண்ணிலும் படாமல், வாயிலின் சேவையகம் நம் சேவையகத்துக்கு நேரடியாக ஒரு செய்தி அனுப்புகிறது. எதை நம்ப வேண்டும்? இரண்டாவதை! இரண்டாவதை மட்டும்! நன்றிப் பக்கத்தின் முகவரியை யாரும் கையால் அடித்துத் திறந்துவிடலாம். திறந்த மாத்திரத்தில் பணம் வந்துவிட்டது என்று பதிவாகிற தளம் சாதிக்காயை இலவசமாக அனுப்பிக்கொண்டிருக்கும்.

நேரடியாக வரும் செய்தியில் நிலை எண் ஒன்று இருக்கிறது. 2 என்றால் காசு வந்துவிட்டது. 0 என்றால் இன்னும் காத்திருக்கிறது. -1 ரத்து, -2 தோல்வி. -3 என்றால் கொடுத்த காசை வாடிக்கையாளர் தன் வங்கி மூலம் திரும்ப எடுத்துவிட்டார். அந்தச் செய்தியும் வாயிலிடமிருந்துதான் வந்தது என்று எப்படித் தெரியும்? கடை இலக்கம், பில் இலக்கம், தொகை, நாணயம், நிலை எண் இவற்றோடு உங்களுக்கும் வாயிலுக்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சொல்லையும் சேர்த்து ஒரு கணக்கில் போட்டு அரைத்தால் 32 எழுத்துக் கையொப்பம் வரும். நீங்களும் அரைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் செய்தி உண்மை. தொகையில் ஒரு சதம் மாறினாலும் கையொப்பம் தலைகீழாக மாறிவிடும்! அந்த ரகசியச் சொல்லை வலைப்பக்கத்திலோ கைப்பேசிச் செயலிக்குள்ளோ எழுதிவைத்துவிடாதீர்கள். அது சேவையகத்தைவிட்டு வெளியே வரவே கூடாது. சொந்த மடிக்கணினிக்குள் மட்டும் ஓடும் தளத்துக்கு அந்தச் செய்தி வந்து சேராது என்பது தெரியாமல் இரவெல்லாம் கண்விழித்தவர்கள் ஏராளம். ஒரே செய்தி இரண்டு தடவை வந்தாலும் பொருளை ஒரு தடவைதான் அனுப்ப வேண்டும். பில் இலக்கத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடை மேசைக்கும் இதே சட்டம்தான்! வாடிக்கையாளர் நீட்டும் போனில் பச்சை நிற டிக் தெரிகிறது என்பதற்காகப் பொருளைக் கொடுத்துவிடாதீர்கள். அது போன வாரத்துப் படமாகவும் இருக்கலாம். உங்கள் போனுக்கு உங்கள் வங்கி அனுப்பும் குறுஞ்செய்திதான் சாட்சி. காலையில் கடை திறந்ததும் ஒட்டிய சதுரத்தை ஒரு தடவை நீங்களே ஸ்கேன் செய்து, உங்கள் கடைப் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். மேலே வேறொருவர் தன் சதுரத்தை ஒட்டிவிட்டுப் போன கதைகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

சதம் என்று மேலே சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ரூபாவை நூறு சதமாகப் பிரித்து இலங்கை தசமக் கணக்குக்கு மாறியது எப்போது தெரியுமா? 1872! இந்தியா மாறியது 1957இல். நம்மை ஆண்ட பிரித்தானியா மாறியதோ 1971இல்! ஆனால் கணினிக்கு இன்றும் தசமம் தகராறுதான். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொன்னால் பல கணினி மொழிகள் 0.30000000000000004 என்று சொல்லும். கையொப்பம் போடும் தொகை ஒரு துளி மாறினால் கட்டணமே நிற்கும். ஆகவே அனுபவசாலிகள் ரூபாவைச் சதமாக்கி முழு எண்ணில் வைத்துக்கொண்டு, அனுப்பும்போது மட்டும் 1450.00 என்று இரண்டு தசமத்தோடு எழுதுகிறார்கள்.

பில் அடிக்கும் இயந்திரத்தின் பாட்டன் எங்கே பிறந்தது தெரியுமா? 1879இல் அமெரிக்காவின் டேட்டனில் ஜேம்ஸ் ரிட்டி என்ற மதுக்கடைக்காரர், வேலையாட்கள் காசை எடுத்துவிடுகிறார்கள் என்று நொந்துபோயிருந்தார். கப்பல் பயணத்தில், கப்பலைத் தள்ளும் விசிறியின் சுழற்சியை எண்ணும் கருவியைப் பார்த்தார். அதே யோசனையில் விற்பனையை எண்ணும் இயந்திரத்தைச் செய்துவிட்டார்!

இன்றைய பில் இயந்திரத்தில் மை இல்லை. வெப்பத்தால் தாள் கறுக்கிறது. சின்ன 58 மில்லிமீற்றர் தாளில் ஒரு வரிக்கு 384 புள்ளி, 80 மில்லிமீற்றர் தாளில் 576 புள்ளி. ஆனால் இந்த இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்குள் தமிழ் எழுத்தே கிடையாது. தமிழில் அனுப்பினால் கேள்விக்குறிகள் கொட்டும். "கொ" என்ற ஒரே எழுத்தை எடுங்கள். கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் ககரம். நினைவகத்திலோ ககரம்தான் முதலில் நிற்கும். இதை ஒழுங்காக அடுக்க அந்தச் சின்ன இயந்திரத்துக்குத் தெரியாது. அதனால் நம் கடைகளில் பில் ஆங்கிலத்திலேயே வருகிறது; கொழுந்து பறித்து, பால் வெட்டி உழைத்த காசை எண்ணிக் கொடுக்கிற அம்மா அதை வாசிக்க முடியாமல் மடித்து வைத்துக்கொள்கிறார்.

வழி இருக்கிறது! பில் முழுவதையும் கணினியிலேயே படமாக வரைந்து, புள்ளி புள்ளியாக இயந்திரத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அதற்குத் தமிழ் தெரியத் தேவையில்லை. எந்தப் புள்ளியைக் கறுப்பாக்குவது என்று தெரிந்தால் போதும். ஐம்பது வரியைத் தாண்டாத நிரல் இது. பில் மென்பொருள் எழுதும் தம்பி தங்கைகளே, கட்டண வாயிலை இணைக்கும் அதே வாரத்தில் இதையும் செய்துவிடுங்கள். மண்ணெண்ணெய், பருப்பு, கருவாடு என்று பொருளின் பெயர் தமிழில், பக்கத்தில் விலை, கீழே கார்டில் கட்டியது எவ்வளவு, காசாகக் கொடுத்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு. இயந்திரம் ஏற்கெனவே கடையில் இருக்கிறது. புதிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை.